சரசு வீட்டுத் தண்ணீர்ச் சத்தம்

வியாழக்கிழமை காலை எட்டே காலுக்கு மகன் திலீப் போன் செய்து, "மா, உங்க வீட்டு டாய்லெட் லீக் ஆகுது, தெரியுமா?" என்று கேட்டபோது, சரசு அந்த டாய்லெட்டிலிருந்து நாலடி தூரத்தில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது. அதுதான் அவளுடைய முதல் கோபம். கிளமெண்டியில் பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்து காபி குடிப்பவனுக்கு, புக்கிட் மேராவில் அம்மா வீட்டு டாய்லெட்டில் என்ன ஓடுகிறது என்று தெரிகிறது. அடுப்படியை ஒட்டிய அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் தோசைக்கரண்டியோடு நிற்கிறவளுக்குத் தெரியவில்லை.

எல்லாம் புது மீட்டர் பார்த்த வேலை. அவள் இருக்கும் அடுக்குமாடி புளோக்கில் இந்த வருஷம்தான் தண்ணீர் மீட்டரை மாற்றினார்கள். வீட்டில் தண்ணீர் ஓயாமல் ஓடினால் அது போனுக்குச் சேதி அனுப்பிவிடும். யாருடைய போனுக்கு? கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய போனுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவர் வேலாயுதம் போனபோது, அழுத கண்ணோடு, "எல்லாத்தையும் நீயே பாத்துக்கப்பா" என்று பில் கணக்கை மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தவள் இவள்தான். யாரை நொந்துகொள்வது? மூன்று நாளாக ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடுகிறதாம். அந்த மெல்லிய சத்தம் அவள் காதிலும் விழுந்துதான் இருந்தது. மேல் வீட்டுக் குழாய் என்று நினைத்து மேல் வீட்டுக்காரியை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

போன் வந்த நேரம் சரியில்லை என்பதைவிட, போனில் இருந்த குரல் சரியில்லை என்பதுதான் விஷயம். திலீப் கவலைப்படவில்லை. ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தவன், அது வந்துவிட்டது என்று சொல்கிற குரலில் பேசினான்.

காரணம் உண்டு. ஜூன் மாதம் சரசு பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். சட்டி கருகி, புகை காரிடார் வரை வந்து, பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஆள் அனுப்பி அவளை மீன்கடையிலிருந்து ஓட ஓட வரவழைத்தார். அன்றைக்கு மகனிடம் அவள் ஒரு வார்த்தை கொடுத்தாள்: இன்னொரு தடவை இந்த வீட்டில் என் கையை மீறி ஏதாவது நடந்தால், வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன். பயத்தில் சொன்னதுதான். ஆனாலும் சரசு வார்த்தை கொடுத்தால் கொடுத்தது. அதை அவளைவிட நன்றாகத் திலீப் நினைவில் வைத்திருந்தான்.

கிளமெண்டியில் அவளுக்காக ஓர் அறை இருக்கிறது என்று அவன் சொல்வான். இருக்கிறது. இஸ்திரிப் பலகையும், யாரும் ஓட்டாத சைக்கிளும், திறக்காத இரண்டு அட்டைப்பெட்டியும் அதில் இருக்கின்றன. அவற்றோடு இன்னொரு சாமானாகப் போய் நிற்க அவள் தயாராக இல்லை.

"சண்டே பதினொரு மணிக்கு ஜெய்யைக் கூட்டிட்டு வர்றேன் மா. பேப்பர்ஸ் எல்லாம் அவன் ரெடி பண்ணிடுவான் லா," என்றான் திலீப். ஜெய் அவனோடு தேசிய சேவையில், அந்தக் கட்டாய ராணுவப் பயிற்சியில், இருந்தவன். இப்போது வீடு வாங்கி விற்கும் ஏஜெண்ட்.

சரசு தோசையைத் திருப்பிப் போடவில்லை. அது கருகட்டும் என்று விட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வர்றப்போ தண்ணி ஓடிக்கிட்டு இருந்தா, நான் கையெழுத்துப் போடறேன்," என்றாள். "நின்னு போயிருந்தா, அப்புறம் இந்த வீட்டைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது. சரியா?"

திலீப் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளை அடுத்த மூன்று நாளும் ஓட வைத்தது.

"ஓகே மா. ஆனா பிளம்பரைக் கூப்பிட்டா அது செல்லாது. உங்க கையை மீறினான்னு நீங்கதானே சொன்னீங்க. அப்போ உங்க கையாலேயே."

"என் கையாலேயே," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அந்தக் கையைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? இருபத்தாறு வருஷம் காலாங் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில், மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டிய கை. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில் ஒட்டி, நாலோ ஐந்தோதான் தப்பென்று திரும்பி வரும். அந்தக் கை ஒரு டாய்லெட் தொட்டியின் முன்னால் தோற்றுப்போகும் என்று அவள் பெற்ற பிள்ளை நினைக்கிறான். நினைக்கட்டும்.

தோசையைக் குப்பையில் போட்டுவிட்டு நேராகப் போய்த் தொட்டி மூடியின் மேல் கை வைத்தாள். மூடி வரவில்லை. நடுவில் பெரிசும் சின்னதுமாக இருக்கிற இரட்டைப் பட்டன்தான் மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க அரைமணி நேரமானது. அந்த அரைமணியில் அந்தத் தொட்டியைச் செய்தவன், விற்றவன், மாட்டியவன் மூவரும் அவள் வாயில் விழுந்து எழுந்தார்கள்.

உள்ளே பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கம் தண்ணீர் வரும் குழாய், அதோடு ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், ஏறி நின்றதும் குழாய் அடைபடும். நடுவில் கோபுரம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான், பட்டனை அழுத்தினால் அது எழும்பித் தண்ணீரைக் கீழே விடும். ஃபேக்டரியில் இதைவிடச் சிக்கலான சாமானை எல்லாம் அவள் தூக்கக் கலக்கத்திலேயே பார்த்திருக்கிறாள். மிதவை உயரமாக இருப்பதால்தான் தண்ணீர் வழிகிறது என்று தீர்மானித்து, அதன் திருகைத் திருகி மிதவையைக் கீழே இறக்கினாள். சத்தம் நின்றது. சரசு நிமிர்ந்து, மகனுக்குப் போன் போடலாமா என்றுகூட யோசித்தாள். போடாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஐந்து நிமிஷத்தில் சத்தம் திரும்ப வந்தது.

அப்படியானால் மேலே வழியவில்லை, அடியில் எங்கோ கசிகிறது. சமையல் அலமாரியிலிருந்து கேசரிப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து, ஒரு சிட்டிகை போதும் என்று தெரிந்தும் கோபத்தில் ஒரு ஸ்பூன் முழுக்கத் தொட்டியில் கொட்டிக் கையாலேயே கலக்கினாள். பட்டனைத் தொடாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் வெள்ளைப் பீங்கானில் ஆரஞ்சு நிறம் கோடுகோடாக இறங்கியது. கோபுரத்தின் அடிதான். கண்டுபிடித்துவிட்டாள். கைவிரல் ஐந்தும் கல்யாண வீட்டுச் சமையற்காரர் கை மாதிரி ஆரஞ்சாகிவிட்டது, எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வால்வோடு மல்லுக்கட்டினாள். சுவரிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் வருகிற இடத்தில் இருக்கும் அந்தச் சின்ன வால்வை மூடினால்தான் கோபுரத்தைக் கழற்ற முடியும். அதை யாரும் திருகி எத்தனை வருஷமோ, அசையவில்லை. பலமாகத் திருகினால் உடைந்துவிடும், உடைந்தால் வீடு குளமாகும், குளமானால் திலீப் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. இந்த நினைப்பு வந்ததும் அவள் கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது. தேங்காய் எண்ணெயை விட்டு ஊறவைத்து, துணியைச் சுற்றி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று குழந்தையை எழுப்புகிற மாதிரி அசைத்து அசைத்து, பகல் ஒரு மணிக்கு அதை மூடினாள். தரையில் உட்கார்ந்து ஒரு பாடு அழுதாள். சந்தோஷத்தில் இல்லை. அறுபத்துநாலு வயதில் சொந்த வீட்டில் இருக்க ஒருத்தி பரீட்சை எழுத வேண்டியிருக்கிறதே என்கிற ஆத்திரத்தில்.

கோபுரத்தைக் கால் சுற்று திருப்பித் தூக்கினதும் வந்துவிட்டது. அடியில் ஒரு ரப்பர் வாஷர். விரல் பட்ட இடமெல்லாம் கண்மை மாதிரி கறுப்பாக ஒட்டியது. ஓரம் அலை அலையாகச் சுருண்டிருந்தது. தொட்டி மாற்றி நாலு வருஷம்தான் ஆகிறது. நாலு வருஷத்தில் ரப்பர் இப்படிக் கூழாகுமா? கோபுரத்தை அப்படியே பிளாஸ்டிக் பையில் சுற்றி, மார்க்கெட் பையில் போட்டுக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் பஸ் ஏறினாள்.

அப்துல் முத்தலிப்பின் சாமான் கடை சையது ஆல்வி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. பூட்டு, ஆணி, குழாய், வாளி என்று கூரை வரை தொங்கும். முத்தலிப் பையிலிருந்து வெளியே வந்த கோபுரத்தையும் அவளுடைய ஆரஞ்சு விரல்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆம்பளைகள் யாரும் இல்லையா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது வெளியே வர அந்தக் கேள்வி போதுமாக இருந்தது. ஆம்பளை இருந்தால் ரப்பர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமா, நீங்கள் வாஷர் விற்கிறீர்களா இல்லை மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்று சரசு பொரிந்து தள்ளிவிட்டாள். முத்தலிப் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

ரபியா வந்து கணவரை ஒரு பார்வையில் ஒதுக்கிவிட்டு, வாஷரைக் கழற்றி இரண்டு விரலால் பிதுக்கிப் பார்த்தாள்.

"இது தானா தேஞ்சது இல்லக்கா," என்றாள். "மருந்துல வெந்திருக்கு. டேங்குக்குள்ள வெள்ளை மாத்திரை போடுவாங்களே, வாசத்துக்கு, அது போட்டீங்களா?"

சரசு அப்படி ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றாள்.

"அப்போ வேற யாரோ போட்டிருக்காங்க. ஒண்ணு போட்டா இவ்ளோ ஆகாது. வீட்டுக்குப் போய் டேங்கு அடியில கைய விட்டுப் பாருங்க."

புது வாஷரைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் இடமிருந்தும் சரசு உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் போய்த் தொட்டியின் பின்பக்க மூலையில் கையை விட்டுத் துழாவினாள். மூன்று கிடைத்தன. ஒன்று சோடா மூடி அளவு, ஒன்று பொத்தான் அளவு, மூன்றாவது சோப்பு தேய்ந்து கடைசியில் மிஞ்சுகிற சில்லு அளவு. மூக்கில் வைத்தால் நீச்சல் குளத்து நெடி.

மூன்றும் மூன்று அளவு என்றால் மூன்று தடவை போட்டிருக்கிறார்கள். பெரியது மூன்று வாரத்துக்கு முன்னால் தீபாவளிக்கு. அன்றைக்குத்தான் வீடு நிறைய ஆட்கள். நடுவிலுள்ளது ஆகஸ்டில், வேலாயுதத்தின் திதிக்கு. சின்னது அதற்கும் முன்னால், யாருக்குத் தெரியும், அனுப்ரியாவின் அப்பா அம்மா சாப்பிட வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம். அனுப்ரியா, மருமகள். பெயர் மனசில் வந்ததும் சரசுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீபாவளியன்று அவள் கைப்பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கால்மணி நேரம் இருந்தாளே. டாய்லெட்டுக்குக் கைப்பை எதற்கு என்று அன்றைக்கே தோன்றியது. இப்போது தெரிகிறது. மாமியார் வீடு நாறுகிறது என்று மருந்து போட வந்திருக்கிறாள்.

சரசு தினமும் அந்த டாய்லெட்டைத் தேய்க்கிறவள். தீபாவளிக்கு முதல் நாள் பழைய டூத் பிரஷ்ஷை வைத்து டைல்ஸ் இடுக்கெல்லாம் தேய்த்து முட்டி வீங்கியவள். அவளுடைய வீட்டில் அவளுக்குத் தெரியாமல் மருந்து போட்டு, அந்த மருந்தே ரப்பரைத் தின்று, ரப்பர் தின்னப்பட்டதால் தண்ணீர் ஓடி, தண்ணீர் ஓடியதால் இவளுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து வீட்டை விற்கப் பார்க்கிறார்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது. மூன்று துண்டையும் ஒரு காலி தயிர்க் கப்பில் போட்டு அடுப்பு மேடையில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை காலை புது வாஷரை மாட்டி, கோபுரத்தை இறக்கித் திருப்பி, வால்வைத் திறந்தாள். தொட்டி நிறைந்தது. காதைத் தொட்டியில் வைத்துக் கேட்டாள். சத்தம் குறைந்திருந்தது, நிற்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினாள். வாஷர் உட்காருகிற விளிம்பில் விரலை ஓட்டினால் மணல்போல நறநறவென்று ஏதோ படிந்திருந்தது, அந்த மருந்தின் கழிவாகத்தான் இருக்க வேண்டும். குத்துவிளக்கு தேய்க்கிற புளியை ஒரு உருண்டை எடுத்து வந்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். தேய்த்த நேரம் முழுக்க அனுப்ரியாவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போவதை எல்லாம் விளிம்பிடம் சொல்லிப் பார்த்தாள். சிலது நன்றாக வந்தது. விளிம்பு வழவழப்பானதும் மறுபடி மாட்டித் தண்ணீரைத் திறந்தாள்.

இந்தத் தடவை தொட்டி நிறைந்து, ஒரு சின்ன விக்கல் போட்டு, நின்றது. கேசரிப் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாள். பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. வீட்டில் இத்தனை அமைதி இருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். கீழே யாரோ நாயைக் கூப்பிடுவதுகூடக் கேட்டது.

ஞாயிறு பதினொரு மணிக்கு மூவரும் வந்தார்கள். திலீப் முன்னால், அவன் பின்னால் பச்சை சல்வாரில் அனுப்ரியா, கடைசியில் கையில் ஒரு ஃபைலோடு ஜெய். ஜெய் நல்ல பையன்தான். "வணக்கம் ஆன்ட்டி" என்று சொன்னவன், ஃபைலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். சரசு யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. டாய்லெட் கதவைத் திறந்துவிட்டு, போய்ப் பார் என்று மகனுக்குக் கையைக் காட்டினாள்.

திலீப் உள்ளே போய்ப் பெரிய பட்டனை அழுத்தினான். தண்ணீர் இறங்கியது, நிறைய ஆரம்பித்தது. நிறைந்தது. விக்கல் வந்தது. நின்றது. திலீப் சின்னப் பட்டனையும் அழுத்தினான். மறுபடி அதே மாதிரி. மூன்றாவது தடவை அவன் தலையைக் குனிந்து தொட்டியில் காது வைத்துக் கேட்டதை ஜெய்யும் பார்த்தான், பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திலீப் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். "குட் மா. சரி பண்ணிட்டீங்க. ஆனா இன்னிக்கு இது, நாளைக்கு வேற ஏதாச்சும் வரும். ஜெய் வந்திருக்கான், சும்மா பேப்பரை மட்டும் பாருங்களேன்."

வார்த்தை கொடுத்தால் கொடுத்தது என்பது இந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் போலும். சரசுவுக்குக் காது சூடானது. அடுப்படிக்குப் போய்த் தயிர்க் கப்பை எடுத்து வந்து, அனுப்ரியாவின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"உன் சாமான்," என்றாள். "திருப்பி எடுத்துக்க. என் வீடு நாறுதுன்னா என்கிட்ட சொல்லணும். கைப்பையில மருந்து கொண்டாந்து, கதவைச் சாத்திக்கிட்டு, திருட்டுத்தனமா என் டேங்குல போடக் கூடாது. இந்த மருந்துதான் அந்த ரப்பரைத் தின்னிருக்கு. நீ போட்டதால ஓடின தண்ணிக்கு நான் என் வீட்டை விட்டுப் போகணுமா?"

நேற்று விளிம்பிடம் சொன்னதில் பாதிதான் வந்தது. ஆனாலும் வந்தவரைக்கும் கூர்மையாகவே வந்தது. அனுப்ரியா கப்புக்குள் பார்த்தாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. புரியாத முகம் அது. பிறகு மெதுவாக எதுவோ புரிகிற முகம். அவள் சரசுவைப் பார்க்கவில்லை, திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"தீபாவளிக்குப் புடவையில பின் கழண்டுடுச்சு அத்தை. அதுக்குத்தான் பையோட போனேன்," என்றாள். "இதை நான் போடல. திலீப், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

திலீப் மேசையைப் பார்த்தபடி இருந்தான். சொல்ல வேண்டியதை அவன் பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலுமாக, துண்டு துண்டாகச் சொன்னான். அனுவோட பேரண்ட்ஸ் வரும்போது. பழைய வீடு இல்லையா, ஒரு மாதிரி வாசம். அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா நினைப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அவர்கள் வருவதற்கு முன்னால் இவன் சீக்கிரம் வந்து ஒன்று போட்டுவிடுவானாம். இட்ஸ் ஜஸ்ட் எ டேப்லெட் மா, என்றான்.

சரசு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டுத் தரையில் தவழ்ந்தவன். இந்த டாய்லெட்டில் பக்கெட்டில் உட்கார்ந்து, வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்துக் குளித்தவன். மருமகள் அவமானப்படுத்தினாள் என்று நினைத்திருந்தபோது கோபம் மட்டும்தான் இருந்தது, அது ஒருவிதத்தில் சுகமாகக்கூட இருந்தது. இது அப்படி இல்லை. இது வலித்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா," என்றாள். "சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு தடவை கழுவியிருப்பேன்."

ஜெய் ஃபைலின் எலாஸ்டிக்கை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான்.

சரசு அனுப்ரியாவின் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. புருஷனிடமே வாழ்க்கையில் இரண்டு தடவைதான் கேட்டிருப்பாள், அதிலும் ஒரு தடவை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். "உன்னைச் சொல்லிட்டேன்," என்றாள். "தப்பு என்னோடது. மனசுல வெச்சுக்காதம்மா."

அனுப்ரியா தலையை ஆட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமியார் முன்னாலும் புருஷனின் கூட்டாளி முன்னாலும் செய்யாத குற்றத்துக்குப் பேச்சு வாங்கியவள் அவள். அவளுக்கும் கோபம் இருந்தது, அதற்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது.

"எங்க வீட்டுலயும் இதுதான் அத்தை," என்றாள். "மாஸ்டர் பெட்ரூம் டாய்லெட் செப்டம்பர்லேர்ந்து ஓடிக்கிட்டேதான் இருக்கு. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிடுச்சு. இவர் எதையும் திறந்து பாக்க மாட்டாரு. எதையாச்சும் உள்ள போட்டு மூடிடுவாரு. எங்க புளோக்ல இன்னும் பழைய மீட்டர்தான், அதனால யாருக்கும் மெசேஜ் போகல."

ஜெய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றப் பார்த்தான். திலீப்புக்குக் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

சரசு மகனை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று நாளாக அவள் நெஞ்சில் கிடந்த கல் இப்போதுதான் அசைந்தது. "செப்டம்பர்லேர்ந்தா," என்றாள் நிதானமாக. "அப்போ நீ எப்போடா உன் வீட்டை விக்கப் போறே? ஜெய் இங்கதான் இருக்கான். பேப்பரும் இருக்கு."

ஜெய் எழுந்து, ஃபைலைக் கொண்டுபோய் வாசலில் தன்னுடைய ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மணி பன்னிரண்டாகியிருந்தது. காலையிலேயே எழுந்து அவள் மீன் குழம்பும், கோஸ் பொரியலும், திலீப்புக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவலும் செய்து வைத்திருந்தாள். ஜெயித்தால் சந்தோஷத்தோடு போடலாம், தோற்றால் இந்த வீட்டில் கடைசிச் சாப்பாடாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்தது. சரசு அலமாரியைத் திறந்து தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். அனுப்ரியாவுக்கு ஒன்று, ஜெய்க்கு ஒன்று, தனக்கு ஒன்று.

திலீப் மூன்று தட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். முப்பத்தாறு வருஷத்தில் அவள் அவனுக்குத் தட்டு வைக்காதது அதுதான் முதல் தடவை. சரசு குழம்புச் சட்டியைத் திறந்து, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, முதலில் மருமகளுக்குப் பரிமாறினாள்.